பதிமூன்றுக்குப் பூஜ்யம்

நோரீன் டூயி அந்தக் கோடையில் ஐந்து ஊர்த் திருவிழா பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வதுகூடப் பிசகு. மோன்பெலியேயில் இசைநாள் அன்று தெருவுக்குத் தெரு மேளமும் கிதாரும் முழங்கியது அவள் காதில் ஏறவில்லை. பயோனில் ஊரே வெள்ளை உடுப்பும் சிவப்புக் கழுத்துத்துணியுமாகத் திரண்டு ஆடியபோது, அவள் ஒரு மரத்தடியில் குனிந்து சரளைக்கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்துமூன்று வயதுக்காரி இப்படி ஊர் ஊராக அலைந்தது ஒரே ஓர் ஆளை மண்டியிட வைக்க. அந்த ஆளின் பெயர் ரெழிஸ் காஸ்தானியே.

அவள் அயர்லாந்தில் கார்க் பக்கத்துக்காரி. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் ஆவியில் வெந்தவள். புருஷன் ஃபிண்டன் கப்பலில் சமையல்காரன். தென்பிரான்சின் ஸேத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதெல்லாம் அவன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க வெயில்தான் இருக்கும். ஓய்வு பெற்றதும் இருவரும் அந்த வெயிலுக்கே குடிவந்துவிட்டார்கள். கால்வாய்க்கரையில் நாலாவது மாடி, இரண்டு அறை. மீன்காரி ஒரே வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ரொட்டிக்கடைக்காரர் கொசுறு கொடுத்தார். காஸ்தானியே மட்டும் முதல் நாளிலிருந்தே அவளை “இங்கிலீஷ்காரம்மா” என்றான்.

“நான் ஐரிஷ்,” என்பாள் அவள்.

“ஏதோ ஒண்ணு. மழை பெய்யுற ஊருதானே!” என்று பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

முப்பது வருடம் மீன் ஏலக்கூடத்தில் விலை கூவியவன் அவன். நாலு பேர் பார்க்காமல் அவனால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது. இப்போது கால்வாய்க்கரைப் பெத்தாங்க் கழகத்தின் தலைவன். ஊர் அவனுக்கு மரியாதை கொடுக்கும். இந்தக் கதை கொடுக்காது.

பெத்தாங்க் ஆட்டத்தை நம் புதுச்சேரிக் கடற்கரையில் பார்த்தவர்கள் இருப்பார்கள். தரையில் ஒரு வட்டம். அதற்குள் நின்று முதலில் ஒரு சின்ன மரக்குண்டைத் தூரத்தில் எறிய வேண்டும். பிறகு அதற்குப் பக்கத்தில் யார் இரும்புக்குண்டு அதிகம் நெருங்குகிறதோ அவருக்குப் புள்ளி, எதிராளியின் குண்டை முந்தி நெருங்கிய ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்று. பதிமூன்று எடுத்தவர் ஜெயித்தார். ஒரே கண்டிப்பு, எறிந்த குண்டு தரையைத் தொடும்வரை கால் வட்டத்தை விட்டு எழும்பக் கூடாது.

அங்கேதான் நோரீனுக்கு வினை இருந்தது. கார்க் பக்கத்தில் இரும்புக்குண்டு எறிவது வேறு மாதிரி. தார்ச்சாலையில் ஓடிவந்து, ஒரு துள்ளுத் துள்ளி, கையைச் சுழற்றி எறிவார்கள். குண்டு வளைவு தாண்டி ஓடும். பன்னிரண்டு வயதிலிருந்து அப்படி எறிந்த கை அவளுடையது. கை சொன்ன பேச்சைக் கேட்கும், கால்தான் கேட்காது. எறியும்போது அதுபாட்டுக்கு எழும்பிவிடும்.

அதற்கு முந்தின வருடம் ஆகஸ்டில், புனித லூயி திருவிழாவின் ஞாயிற்றுக்கிழமை, கழகத்தில் கூட்டம் நெரிந்தது. படகில் நின்று ஈட்டியால் ஒருவரை ஒருவர் தண்ணீரில் தள்ளும் விளையாட்டுக்காகக் கால்வாயில் படகுகளை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். காஸ்தானியே நோரீனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டான், ஆளுக்கு மூன்று குண்டு, ஒற்றைக்கு ஒற்றை. அவளும் சிரித்துக்கொண்டே போனாள். அவள் போட்ட நல்ல குண்டையெல்லாம் “கால்!” என்று கூவிச் செல்லாது ஆக்கினான்.

“ஒரு தடவை சொல்லித் தர மாட்டீங்களா?” என்றாள்.

“சொல்லித்தர இது பள்ளிக்கூடமா? சுவர்ல சட்டப் பலகையைப் பாருங்க. கால் எழும்பினா குண்டு செத்துச்சு. சட்டம் சட்டம்தான், இங்கிலீஷ்காரம்மா.”

பன்னிரண்டுக்குப் பூஜ்யம் ஆனது. இந்தக் கட்டத்தில் நாகரிகம் தெரிந்தவர்கள் ஒரு குண்டை வேண்டுமென்றே தள்ளிப் போட்டு எதிராளிக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுப்பார்கள். காரணம், கழகத்துச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. அதன் சின்னக் கதவைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்பில் வடித்து இளஞ்சிவப்புப் பூசிய ஒரு பெண்ணின் பின்புறம். அவள் பெயர் ஃபான்னி. அந்தச் சீமையில் குண்டு உருளும் இடமெல்லாம் அவள் உண்டு. ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவர் மண்டியிட்டு அவளை முத்தமிட வேண்டும், சுற்றி நின்று மணி அடிப்பார்கள்.

“விட்டுடு ரெழிஸ், புதுசா வந்தவங்க,” என்று யாரோ ஒரு கிழவர் சொன்னார். காஸ்தானியே விடவில்லை. நோரீன் மண்டியிட்டாள். மணி அடித்தது. முத்தமிடும்போது ஓரக்கண்ணில் அவள் கண்டது ஒன்றுதான்: பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபிண்டன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஃபிண்டன் வாயைத் திறக்கப் பார்த்தான். “இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, இந்தக் கால்வாய்லயே தள்ளிடுவேன். இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்கும்,” என்றாள். அவன் பேசவில்லை. செப்டம்பரில் இருமல் வந்தது. நவம்பரில் போய்விட்டான்.

மண்டியிட்டவரைப் படம் எடுத்து மாட்டுவது இந்தக் கழகத்தின் தனிப் பெருமை. மதுக்கடை மேடைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், ஒரே ஒரு ஃபிரேம். கடைசியாக மண்டியிட்டவர் படம் அதில் இருக்கும், அடுத்தவர் மண்டியிடும்வரை. ஃபிண்டனை அடக்கம் செய்த மறுவாரம் நோரீன் கறுப்பு உடையில் கழகத்துக்குப் போனாள். படத்தில் அவன் இருந்தான், பின்னால், பெஞ்சில். அவன் உயிரோடு இருந்தபோது கடைசியாக எடுத்த படம் அதுதான்.

“அதை எனக்குக் கொடுத்துடுங்க. கேட்டுக்கிறேன்,” என்றாள்.

காஸ்தானியே தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். துக்கத்துக்கு அவனும் மரியாதை தெரிந்தவனாம். “உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆனா அடுத்த ஃபான்னி வர்றவரைக்கும் படம் இறங்காது. எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். சட்டம் சட்டம்தான்.”

நோரீன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். கண் கலங்கி, கண்ணாடிச் சட்டத்தில் விளக்கு பளபளத்து, அவன் முகம் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தவள், அதற்கப்புறம் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்ததில்லை. சாகப்போகிற மனுஷன் அவளால் தலைகுனிந்தான், அந்தத் தலைகுனிவை இந்தப் பயல் ஆணி அடித்து மாட்டிவைத்திருக்கிறான். துக்கம் ஆறும் என்கிறார்கள். ஆறியிருக்கலாம். அவள் ஆற விடவில்லை. தினமும் காலையில் காபி போடும்போது அதையும் சேர்த்துச் சுடவைத்தாள்.

குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள், வேறு யாராவது மண்டியிடுவார்கள் என்று. யாரும் மண்டியிடவில்லை. எல்லோரும் பன்னிரண்டில் ஒரு புள்ளி விட்டுக்கொடுத்தார்கள். ஊருக்கே இருந்த நாகரிகம் அவள் படத்தை அங்கேயே வைத்திருந்தது. ஆகவே அடுத்த ஃபான்னி யார் என்று அவளே முடிவு செய்தாள்.

மே மாதச் சந்தையில் ஆலிவ் வாங்கும்போது கடைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் ஒதீல். காஸ்தானியேயோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தி, மூன்று வருடத்துக்கு முன் சட்டப்படி பிரிந்து வந்தவள்.

“உன் படத்தைப் பார்த்தேன்,” என்றாள் ஒதீல். “உன் கண்ணையும் பார்க்கிறேன். அவனை என்ன பண்ணப் போறே?”

“மண்டி போட வைக்கப் போறேன்.”

“அடி என் ராசாத்தி! அதுக்கு நான் வண்டி ஓட்டுறேன். ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ. பத்து மீட்டர்ல அவன் ராஜா, எட்ட நின்னு எதிராளி குண்டை அடிச்சுத் தூக்கிடுவான். ஆறு மீட்டர்ல அவன் கிழவன். கிட்டத்துல போட குந்தணும். அவனுக்கு வலது முட்டி போச்சு. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு நின்னபடியே போடுவான்.”

“மரக்குண்டை எவ்வளவு தூரத்துல எறியலாம்?”

“ஆறுக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மிஞ்சக் கூடாது. முந்தின சுற்றை ஜெயிச்சவங்கதான் எறியணும். நீ ஜெயிச்சுக்கிட்டே இருந்தா, நீயேதான் எறிஞ்சுக்கிட்டே இருப்பே.”

அப்படித்தான் தொடங்கியது அந்தக் கோடை. ஒதீல் திருவிழாவுக்குத் திருவிழா ஆலிவ் விற்கப் போகிறவள். அவள் வேனில், உப்புநீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே, நோரீன். போகிற ஊரில் கடை போட்டு முடித்ததும், எந்த மரத்தடியில் குண்டுச் சத்தம் கேட்கிறது என்று தேடிப் போவாள். எந்தக் கிழவர் கூப்பிட்டாலும் ஆடுவாள்.

காலுக்கு மருந்து ஒதீல்தான் கண்டுபிடித்தாள். இரண்டு காலணிக் கயிற்றையும் ஒன்றாகச் சேர்த்து முடிந்துவிட்டாள். மோன்பெலியேயில் இசைநாள் மதியம் நோரீன் முதல் குண்டை எறிந்தாள், கால் எழும்பியது, அவள் முகம் அடிபடச் சரளையில் விழுந்தாள். பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த குழு பாட்டை நிறுத்திவிட்டது.

“ரத்தம் வருதே!” என்று ஓடிவந்தாள் ஒதீல்.

“வரட்டும். முடிச்சை அவிழ்க்காதே,” என்றாள் நோரீன்.

ஆர்லில் மாட்டு விளையாட்டு பார்க்க ஊர் ஓடியது, இவள் வெறிச்சோடிய சதுக்கத்தில் தனியாக ஆறு மீட்டர் அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். நார்போனில் ஜூலை பதினாலு கொடியும் அணிவகுப்புமாக இருந்தது. ஒரு கொத்தனாரிடம் பதிமூன்றுக்கு நாலு என்று தோற்று, அவரையே கெஞ்சிக் கையை எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொண்டாள். பயோனில் குடிகாரன் ஒருவன் அவள் வெள்ளைச் சட்டையில் ஒயினைக் கொட்டிவிட்டு ஆட்டத்துக்கு இழுத்தான். “அப்புறம் வா தம்பி, முக்கியமான ஒருத்தர் நிக்கிறார்,” என்று மரக்குண்டைக் காட்டினாள். அவளுக்கு எல்லா ஊர் மரக்குண்டுக்கும் ஒரே பெயர்: காஸ்தானியே.

அந்த ஊரிலே ஒதீலுக்கே பயம் வந்துவிட்டது. “ஏண்டி, கொஞ்சம் ஆடேன். சாப்பிடேன். இப்படியா மனசுல வஞ்சம் வச்சுக்கிட்டு இருப்பாங்க? உடம்புக்கு ஆகாது.”

“எனக்கு இது ஒண்ணுதான் உடம்புக்கு ஆகுது,” என்றாள் நோரீன். உண்மைதான். நவம்பரிலிருந்து அவளுக்கு ஒழுங்காகப் பசித்தது அந்தக் கோடையில்தான்.

ஆகஸ்ட் நடுவில் பெசியே திருவிழாவின்போது ஊர் மைதானத்தில் மூன்று பேரை வரிசையாகத் தோற்கடித்தாள். ஆட்டம் முடிந்து ஒதீல் குனிந்து பார்த்தபோது காலணிக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. எப்போது அவிழ்ந்தது என்று நோரீனுக்கே தெரியவில்லை. கால் மட்டும் வட்டத்தில் ஊன்றியபடி இருந்தது.

மறுபடியும் புனித லூயி, மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. கழகத்தில் நிற்க இடமில்லை. காஸ்தானியே வெள்ளைக் காற்சட்டையில், கையில் சோம்பு மணக்கும் கோப்பையோடு, போன வருடத்துக் கதையைத்தான் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். நோரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

“எனக்கு ஒரு மறு ஆட்டம் உண்டு, திரு காஸ்தானியே. தோத்தவங்க கேட்டா மறுக்கக் கூடாதுன்னு உங்க பலகையில எழுதியிருக்கு.”

“அட, இங்கிலீஷ்காரம்மா! ஃபான்னி ஞாபகம் வந்துடுச்சா?” கூட்டம் சிரித்தது. அவனுக்கு உச்சி குளிர்ந்தது. யார் முதலில் என்று நாணயம் சுண்ட வந்தவரைக் கையமர்த்தி, பெரிய மனுஷனாக ஒரு கும்பிடு போட்டான். “நாணயம் எதுக்கு? பெண்களுக்குத்தான் முதல் மரியாதை. மரக்குண்டை நீங்களே எறியுங்க!”

ஒதீல் ஆலிவ் பீப்பாயின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், சிரிப்பை அடக்க.

நோரீன் எறிந்தாள். ஆறு மீட்டரும் ஒரு சாணும். முதல் சுற்றில் இரண்டு புள்ளி. காஸ்தானியே நின்றபடி போட்ட குண்டுகள் தாண்டி ஓடின. அடுத்ததில் மூன்று. “அதிர்ஷ்டம்!” என்று கூவினான். ஆறு மீட்டர். ஒன்று. மறுபடி ஆறு மீட்டர். இரண்டு. கூவல் நின்றுபோனது. அடித்துத் தூக்கப் பார்த்தான், கிட்டத்து அடி அவன் கைக்கு வசப்படவில்லை, குண்டு மண்ணைக் கிளறிக்கொண்டு போனது. மூன்று. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒதீல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

“நீயா?” என்றான்.

“நான் ஆலிவ் விக்க வந்தேன்,” என்றாள் ஒதீல்.

இன்னும் ஒன்று. பன்னிரண்டுக்குப் பூஜ்யம்.

கால்வாயில் படகுகளின் முரசும் குழலும் தொடங்கிவிட்டன. வழக்கமாக இந்தச் சத்தம் கேட்டால் கழகம் காலியாகிவிடும். அன்று ஒருவரும் நகரவில்லை. கடைசிச் சுற்றில் நோரீனின் ஒரு குண்டு மரக்குண்டுக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது. அவளிடம் வேறு குண்டு இல்லை. காஸ்தானியேயிடம் ஒன்று இருந்தது. அந்த ஒன்று நாலு விரலுக்குள் நுழைந்துவிட்டால் அவனுக்கு ஒரு புள்ளி, ஃபான்னி கிடையாது.

வேறு வழியில்லாமல் அவன் குந்தினான். ஊரே அந்த முட்டியைப் பார்த்தது. முனகலை விழுங்கிக்கொண்டு, கையைத் தாழ்த்தி எறிந்தான். அருமையான குண்டு. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மெல்ல உருண்டுபோய் மரக்குண்டை ஒட்டி நின்றது. ஆனால் குண்டு கையை விட்ட நொடியில் முட்டி மடங்கி, அவன் தடுமாறி, வலது கால் வட்டத்தை விட்டு எழும்பி வெளியே விழுந்திருந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் “கால்!” என்று கூவவில்லை. அறுபத்தெட்டு வயது ஆள், முட்டி வலி, பன்னிரண்டுக்குப் பூஜ்யம். கண்டும் காணாமல் விடுவதுதான் முறை.

ஒதீல் பீப்பாயிலிருந்து இறங்கி வந்து நோரீன் காதில் சொன்னாள்: “போதும்டி. முகத்தைப் பாரு. அழுதுடுவான் போல இருக்கு. பதினெட்டு வருஷம் கூட இருந்துட்டேன், எனக்கே பாவமா இருக்கு.”

காஸ்தானியே நோரீனைப் பார்த்தான். “மேடம் டூயி,” என்றான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னான்.

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று ஒரு கணம் காத்துக்கூடப் பார்த்தாள். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்ட ஒரு மனுஷன்தான் கண்முன் வந்தான்.

“கால் எழும்பிடுச்சு, திரு காஸ்தானியே,” என்றாள், கடைசி வரிசைவரை கேட்கும்படி. “குண்டு செத்துச்சு.”

மாடத்தின் கதவைத் திறந்தார்கள். அவன் மண்டியிடப் பட்ட பாட்டைப் பார்த்து நோரீன் பெஞ்சிலிருந்த மெத்தையை எடுத்துவந்து முட்டிக்கடியில் வைத்தாள், கரிசனமாக. மணி அடித்தது. முத்தமிட்டான். படம் எடுத்தார்கள். ஒருவர் ஏணி போட்டு ஏறி ஃபிரேமை இறக்கி, பழைய படத்தை உருவி அவளிடம் கொடுத்தார்.

அவள் வெளியே பிளாட்டான் மரத்தடிக்குப் போய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முன்னால் அவள், மண்டியிட்டபடி. பின்னால் பெஞ்சில் ஃபிண்டன். தொப்பி வாயைத்தான் மறைத்திருந்தது. அதற்கு மேலே கண் இரண்டும் இடுங்கி, கன்னம் உப்பி, கண்ணோரம் நீர் வழிய, ஒரு கை தொடையில் அறைந்தபடி. அவன் தலைகுனிந்திருக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

“அட படுபாவி மனுஷா,” என்றாள் நோரீன். சொல்லிவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அன்றைக்கு வழியில் வாயைத் திறந்தது எதற்கென்று இப்போது தெரிந்தது. பேச விட்டிருந்தால் இருவரும் அந்தக் கால்வாய்க்கரையில் நின்று சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தடுத்தவள் அவள்தான். காஸ்தானியே இல்லை.

ஒதீல் படத்தை வாங்கிப் பார்த்தாள். “அப்போ... அவன் படத்தை மாட்ட வேண்டாம்னு சொல்லிடலாமா? உன் வீட்டுக்காரரே சிரிச்சிருக்காரு.”

நோரீன் மூக்கைச் சிந்தினாள். “ஃபிண்டன் சிரிச்சது ஃபிண்டன் கணக்கு. கறுப்புத் துணியில வந்து கெஞ்சி நின்னவ நான்.”

படம் இப்போது நோரீன் வீட்டு அடுப்படியில், காபிக் கெண்டிக்கு நேர் எதிரே தொங்குகிறது. காலையில் இருவருமாகச் சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் ஆனால் அவள் கழகத்துக்கு வந்துவிடுவாள். யார் ஆட்டத்திலாவது பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்று காதில் விழுந்தால் போதும், பின்னிக்கொண்டிருக்கும் கம்பளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடுவாள். “பாவம்பா, ஒரு புள்ளி விட்டுக்கொடுங்க. மனுஷனுக்கு மனுஷன் இரக்கம் வேண்டாமா?” என்று ஜெயிக்கிறவர் கையைப் பிடித்துக் கெஞ்சுவாள். அந்த வயதுக்காரி கெஞ்சினால் யார் மறுப்பார்கள்? விட்டுக்கொடுத்துவிடுவார்கள். நோரீன் மாதிரி இளகிய மனசு இந்தக் கரையில் கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு.

மூன்று புனித லூயி வந்து போய்விட்டது. மதுக்கடை மேடைக்கு மேலே அதே ஃபிரேமில், மெத்தைமேல் மண்டியிட்டபடி, காஸ்தானியே இன்னும் முத்தமிட்டுக்கொண்டிருக்கிறான்.